ஒரே இயந்திரம், ஒரே பை: பாலாடைக்கட்டி தப்பியது, காளான் ஏன் கெட்டது?

புதுக்கூடை:

அனைவருக்கும் வணக்கம். வீட்டிலிருந்தபடியே சிறிய அளவில் உணவுப் பொருள்களைப் பொதிந்து கொடுக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன். அதற்கென்று வெற்றிடப் பொதி இயந்திரம் ஒன்றை வாங்கி, பாலாடைக்கட்டி, வெட்டிய இறைச்சி, பட்டன் காளான், புரோக்கோலி ஆகிய நான்கையும் ஒரே வகைப் பையில் இட்டு, காற்றை முழுதாக இழுத்து, ஒரே குளிர்பெட்டியில் அடுக்கி வைத்தேன். பாலாடைக்கட்டியும் இறைச்சியும் எந்தக் குறையுமின்றி இருந்தன. காளான் பையோ மூன்றாம் நாள் தளர்ந்து, நான்காம் நாள் உப்பிவிட்டது. பிரித்துப் பார்த்தபோது அடியில் தேநீர் நிறத்தில் நீர் தேங்கியிருந்தது. காளானின் தொப்பி விரலில் வழுக்கியது. புளித்த மாவும் சாராயமும் கலந்தாற்போல் ஒரு வாடை வந்தது. புரோக்கோலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; அதன் நெடி போக இரண்டு நாள் சன்னலைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது.

காற்றை எடுத்துவிட்டால் எதுவும் கெடாது என்றுதான் நம்பியிருந்தேன். வாயு நிரப்பும் முறை, இரும்புத்தூள் பொட்டணம், உயர் அழுத்த முறை என்று பலவும் காதில் விழுகின்றன. எந்தப் பொருளுக்கு எது பொருந்தும், ஏன் பொருந்தும் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

குளிரறைவாசி:

நண்பரே, உங்கள் இயந்திரத்தில் பழுதில்லை. பாலாடைக்கட்டிக்கு உயிரில்லை, காளானுக்கு உயிருண்டு. வேறுபாடு முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

பறித்த பிறகும் காய், பழம், கீரை, காளான் எல்லாமே சுவாசித்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆக்சிஜனை இழுத்து, தமக்குள் இருக்கும் சர்க்கரையை எரித்து, கரியமில வாயுவையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளிவிடுகின்றன. வெற்றிடப் பையில் அடைத்ததும் எஞ்சியிருந்த ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. ஆனால் செல்கள் உடனே மடிவதில்லை, ஆக்சிஜன் இன்றியே சர்க்கரையை உடைக்கும் நொதித்தல் வழிக்கு அவை மாறிக்கொள்கின்றன. அதன் விளைபொருள்களான எத்தனாலும் அசிட்டால்டிஹைடும்தான் நீங்கள் முகர்ந்த வாடை. பையை உப்பவைத்தது அப்போது வெளிவந்த கரியமில வாயு. புரோக்கோலியில் கந்தகச் சேர்மங்களும் சேர்ந்துகொள்வதால் நெடி அவ்வளவு கடுமையாக இருந்திருக்கிறது.

ஆகவே, உயிருள்ள விளைபொருளின் மூச்சைத் தணிக்கலாம், அடைக்கக் கூடாது. இது இன்று நேற்று கண்டறிந்த செய்தியன்று. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பழங்கள் பழுப்பதில்லை என்பதைப் பிரான்சின் பெரார் 1821-இலேயே எழுதிவிட்டார். நூறு ஆண்டுகள் கழித்து, 1920-களில், கேம்பிரிட்ஜில் கிட், வெஸ்ட் ஆகிய இருவரும் ஆப்பிள் கிடங்குகளின் காற்றை அளந்து மாற்றிப் பார்த்தார்கள். சாதாரணக் காற்றில் 21 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜனை 1 முதல் 3 விழுக்காட்டுக்கு இறக்கி, வெப்பநிலையையும் உறைநிலைக்குச் சற்று மேலாக வைத்தால், ஆப்பிள் மாதக்கணக்கில் மொறுமொறுப்பாக நிற்கிறது. இன்றைய பெரிய ஆப்பிள் கிடங்குகள் எல்லாம் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன.

கிடங்கில் இதை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. சிறு பொதியில் அந்த வேலையைச் செய்வது மேலுறைப் படலம். உள்ளே இருக்கும் காய் எவ்வளவு வேகமாக ஆக்சிஜனைச் செலவிடுகிறதோ, அதே வேகத்தில் படலத்தின் வழியே வெளியிலிருந்து ஆக்சிஜன் கசிந்து வர வேண்டும். அப்போது உள்ளே 2 முதல் 5 விழுக்காடு என்ற அளவில் ஒரு சமநிலை நிற்கும். உருளைக்கிழங்கும் வெங்காயமும் மெல்ல மூச்சுவிடுபவை. காளான், புரோக்கோலி, தண்ணீர்விட்டான் தண்டு போன்றவை ஓடி வந்தவன்போல் மூச்சு வாங்குபவை. எனவே, ஒன்றுக்குச் சரியான படலம் மற்றொன்றுக்கு மூச்சடைப்பாகிவிடும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நான் பார்த்த வரையில் பெரும்பாலான இழப்புகள் இங்கேதான் நேர்கின்றன. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் சுவாச வேகம் ஏறக்குறைய இருமடங்கு, சிலவற்றில் மும்மடங்கு ஆகிறது. ஆனால் படலத்தின் கசிவு அந்த வேகத்துக்குக் கூடுவதில்லை. 4 டிகிரியில் கச்சிதமாக வடிவமைத்த பொதி, வண்டியிலோ விற்பனைத் தட்டிலோ 15 டிகிரியில் அரை நாள் கிடந்தால் உள்ளே ஆக்சிஜன் வற்றிவிடும்.

நுண்ணோக்கி:

குளிரறைவாசி ஐயா சொன்னதோடு ஒரு எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். காளானை வெற்றிடத்தில் அடைப்பது வாடையோடு முடிகிற தவறன்று. மண்ணில் இயல்பாக வாழும் க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் (எளிதில் சாகாத உறங்குநிலை வடிவங்கள்) காளானில் ஒட்டியிருக்கலாம். ஆக்சிஜன் அற்ற, அமிலம் குறைந்த, ஈரமான இடம்தான் அது முளைத்து நச்சு சுரக்க ஏற்ற இடம். புதுக் காளான் தட்டுகளின் மேலுறையில் சிறு துளைகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆக்சிஜன் ஒருபோதும் முழுதாகத் தீராமல் காப்பதே அத்துளைகளின் முதன்மை வேலை. அந்தக் காளானை நீங்கள் சுவைத்துப் பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

புதுக்கூடை:

நல்லவேளையாக, வாடையே போதும் என்று குப்பையில் கொட்டிவிட்டேன். ஆனால் இப்போது வேறொரு குழப்பம். இறைச்சி கெடவில்லை என்று எழுதினேன் அல்லவா? அதை வாங்கியவர் ஒருவர், நிறம் கத்தரிப்பூப்போல் கருஞ்சிவப்பாக இருக்கிறது, பழைய இறைச்சி என்று திருப்பித் தந்துவிட்டார். பெரிய கடைகளின் தட்டுப் பொதிகளிலோ இறைச்சி செக்கச் செவேலென்று இருக்கிறது. அவர்கள் நிறம் சேர்க்கிறார்களா?

குளிரறைவாசி:

நிறம் சேர்ப்பதில்லை, ஆக்சிஜன் சேர்க்கிறார்கள். தசையில் உள்ள மயோகுளோபின் என்ற புரதம் ஆக்சிஜன் கிடைக்காதபோது ஊதா கலந்த கருஞ்சிவப்பாகவும், ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டால் செம்பருத்திச் சிவப்பாகவும், நாள்பட்டு ஆக்சிசனேற்றம் அடைந்தால் பழுப்பாகவும் தோன்றும். உங்கள் வாடிக்கையாளரிடம் பையைப் பிரித்துத் தட்டில் விரித்து அரை மணி நேரம் காற்றாட வைக்கச் சொல்லுங்கள். அவர் கண்ணெதிரிலேயே சிவந்துவிடும்.

கடைத் தட்டுகளில் 70 முதல் 80 விழுக்காடு ஆக்சிஜனும், மீதி கரியமில வாயுவும் நிரப்புவது வழக்கம். ஆக்சிஜன் நிறத்தைக் காக்கிறது. கரியமில வாயு, இறைச்சியில் கொழகொழப்பை உண்டாக்கும் சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியாக்களைத் தடுக்கிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. அவ்வளவு ஆக்சிஜன் சூழ்ந்திருப்பதால் கொழுப்பு சிக்கடிக்கத் தொடங்குகிறது. புரதமும் பாதிக்கப்பட்டு, சமைத்தால் சற்று விறைப்பாக இருக்கிறது. வாயுத் தட்டு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை வாரம் தாங்கினால், நன்கு குளிர்ந்த நிலையில் வெற்றிடத்தில் வைத்த மாட்டிறைச்சியின் பெரிய துண்டுகள் பல வாரங்கள் தாங்கும். கண்ணுக்கு அழகானது குறைந்த நாளே நிற்கிறது. நெடுநாள் நிற்பது கண்ணுக்குப் பிடிப்பதில்லை. அமெரிக்காவில் 0.4 விழுக்காடு கார்பன் மோனாக்சைடு கலந்து இரண்டையும் சாதிக்கிறார்கள். ஆனால் அந்தச் சிவப்பு, இறைச்சி கெட்ட பிறகும் மாறாமல் நின்று வாங்குபவரை ஏமாற்றக்கூடும் என்ற அச்சத்தால் ஐரோப்பிய ஒன்றியம் அதை ஏற்கவில்லை. என் சொந்தக் கருத்து ஐரோப்பியர் பக்கமே.

மீனுக்கு இந்தக் கணக்குகள் முழுதாகச் செல்லாது. கொழுப்புள்ள மீனுக்கு ஆக்சிஜனை விலக்கி, கரியமில வாயுவோடு நைட்ரஜனைச் சேர்க்கிறார்கள். ஆனாலும் கடல்மீனில் ஃபோட்டோபாக்டீரியம் பாஸ்போரியம் என்றொரு பாக்டீரியா உண்டு. அது கரியமில வாயுவைப் பொருட்படுத்தாமல் வளர்ந்து, மீன்நாற்றத்துக்குக் காரணமான டிரைமெத்தில் அமீனை உண்டாக்குகிறது. அதனால் இறைச்சியில் கிடைக்கும் நீண்ட ஆதாயம் மீனில் சில நாள்களாகச் சுருங்கிவிடுகிறது. மீனைப் பொறுத்தவரை பனிக்கட்டிதான் முதல் பொதி என்பேன்.

சீல்பட்டை:

பொதி வரிசையில் பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் பையைப் பற்றிச் சொல்கிறேன். எல்லோரும் உள்ளே இருப்பதையே பேசுகிறீர்கள். பையின் குணம் தெரியாமல் எந்த வாயுவை நிரப்பியும் பயனில்லை.

சாதாரண பாலித்தீன் நீராவியை நன்றாகத் தடுக்கும்; ஆக்சிஜனைத் தாராளமாக உள்ளே விடும். ஈவிஓஎச் என்ற நெகிழியோ உலர்ந்த நிலையில் பாலித்தீனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு இறுக்கமாக ஆக்சிஜனைத் தடுக்கும். ஆனால் ஈரம் பட்டால் அந்த வலிமை சரிந்துவிடும். ஆகையால் இரண்டு பாலித்தீன் அடுக்குகளுக்கு நடுவில் ஈவிஓஎச்-ஐ மெல்லிய ஏடாக வைத்து இழுக்கிறார்கள். பாலித்தீன் ஈரத்தைத் தடுக்க, ஈவிஓஎச் ஆக்சிஜனைத் தடுக்கிறது. நீங்கள் வாங்கிய வெற்றிடப் பையில் இந்த வகையோ நைலான் ஏடோ இருக்கும். நீள்நாள் பால் அட்டைப்பெட்டியும் இதே கூட்டணிதான்: நிற்பதற்கு அட்டை, ஈரத்துக்குப் பாலித்தீன், ஒளிக்கும் ஆக்சிஜனுக்கும் தலைமுடியைவிட மெல்லிய அலுமினியத் தாள்.

என் பட்டறிவில், படலம் கிழிந்து கெட்ட பொதிகளைவிட ஒட்டு பிசகிக் கெட்ட பொதிகளே அதிகம். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் சீவிய இறைச்சிப் பொதிகள் சில, ஒரு வாரத்துக்குள் தளர்ந்து திரும்பி வந்தன. வாயுக் கலவையைச் சோதித்தோம், படலத்தை மாற்றினோம், இயந்திரத்தைக் கழற்றி மாட்டினோம், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் ஒரு பையை வெட்டி, உள்ளே நீலச் சாயநீரை ஊற்றி, ஒட்டின்மேல் தாளை அழுத்திப் பார்த்தபோது, மயிரிழை போன்ற ஒரு நீலக்கோடு ஒட்டைக் கடந்து வெளியே வந்து நின்றது. துண்டுகளைப் பைக்குள் தள்ளும்போது வாய்ப்பகுதியில் ஒட்டிக்கொண்ட கொழுப்பின் ஒரு நூல்தான் காரணம். அன்றிலிருந்து பையின் வாயை உள்ளங்கை அகலம் வெளிப்புறமாக மடித்து வைத்துக்கொண்டு நிரப்பி, பிறகு மடிப்பை விரித்து ஒட்டுவது என்று மாற்றினோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மண்ணுரம்:

இத்தனை ஏடு, இத்தனை வாயு, இத்தனை கணக்கு. இவையெல்லாம் உண்பவருக்காகவா, தொலைவிலிருந்து கொண்டுவந்து நெடுநாள் அடுக்கி வைத்து விற்பவரின் வசதிக்காகவா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. ஐந்து நாள் கூடுதலாக நிற்கிற கீரைக்காக, நூற்றாண்டுகள் மட்காத பல ஏட்டுப் படலத்தைக் குப்பையில் சேர்க்கிறோம். ஏடுகளைப் பிரிக்க முடியாததால் அதை மறுசுழற்சி செய்வதும் கடினம். துணி, தாள், மெழுகுப் பூச்சு ஆகியவற்றைப் பற்றி யாரும் பேசாதது வியப்பாக இருக்கிறது.

குளிரறைவாசி:

கேள்வி நேர்மையானது; பாதிக்கு உடன்படுகிறேன். தோலே நல்ல உறையாக அமைந்த பழங்களுக்கு நெகிழி உறை போடுவதைப் பார்க்கும்போது எனக்கும் எரிச்சல்தான் வருகிறது. ஆனால் வெள்ளரிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏறத்தாழ 95 விழுக்காடு நீர். மெல்லிய தோலுள்ள வகைகள் உறையின்றிச் சில நாள்களில் துவண்டு சுருங்குகின்றன, இறுக்கமான மெல்லிய உறையோடு அதைவிடப் பல நாள் நிற்கின்றன. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, நுகர்வோரை எட்டிய உணவில் 19 விழுக்காடு கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் வீணாகிறது. அந்த உணவை விளைவிக்கச் செலவிட்ட நீர், நிலம், எரிபொருள் ஆகியவற்றையும் தட்டில் வைத்து நிறுத்தால், உறையின் எடை பல நேரங்களில் சிறியதாகத்தான் தெரியும். இறைச்சியிலும் பாலாடைக்கட்டியிலும் இது ஐயமில்லாமல் உண்மை. காய்கறிகளில் ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

மெழுகைப் பற்றிச் சொன்னது சரியே. கார்னவுபா மெழுகு, அரக்கு, கைட்டோசான் போன்ற உண்ணத்தக்க பூச்சுகள் பழத்தின் நீரிழப்பையும் சுவாசத்தையும் ஒருசேரக் குறைக்கின்றன. அங்கும் அளவு தப்பினால் புதுக்கூடையின் காளான் கதைதான்; தடித்துப் பூசிய பழம் உள்ளுக்குள் நொதித்து வாடை அடிக்கும்.

மண்ணுரம்:

வெள்ளரிக்காயில் உங்கள் வாதத்தை ஏற்கிறேன். ஆனால் உறை போட்டதாலேயே வீண் குறைகிறது என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை. ஆறு காய்களை ஒரே பொதியில் கட்டி விற்றால், மூன்று போதும் என்பவர் மீதியை எறியத்தான் செய்வார்.

குளிரறைவாசி:

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை, உண்மைதான்.

புதுக்கூடை:

உரையாடல் மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது. இடையே ஒரு சிறு கேள்வி: பொதிகளுக்குள் போடும் சிறு பொட்டணங்கள் எல்லாம் ஒன்றுதானா? என்னிடம் காலணிப் பெட்டியோடு வந்தவை நிறைய இருக்கின்றன.

நுண்ணோக்கி:

தயவுசெய்து அவற்றை உணவில் போடாதீர்கள். காலணிப் பெட்டியில் வருவது பெரும்பாலும் சிலிக்கா கூழ்மணி. அது ஈரத்தை மட்டும் உறிஞ்சும், உணவுக்கென்று தயாரித்ததுமன்று. ஆக்சிஜனை உறிஞ்சும் பொட்டணத்தில் இருப்பது இரும்புத்தூளும் சிறிது உப்பும். இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜன் தேவை என்ற பள்ளிப் பாடத்தையே பொட்டணமாகக் கட்டியிருக்கிறார்கள். ஜப்பானின் மிட்சுபிஷி கேஸ் கெமிக்கல் நிறுவனம் 1977-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கணக்கும் எளிது. 1 கிராம் இரும்பு முழுதாகத் துருவாக மாறினால் ஏறக்குறைய 300 மில்லிலிட்டர் ஆக்சிஜனை விழுங்கும். உங்கள் பொதிக்குள் 500 மில்லிலிட்டர் காற்று இருந்தால் அதில் ஆக்சிஜன் 105 மில்லிலிட்டர். 100 (அதாவது 100 மில்லிலிட்டர் ஆக்சிஜனை உறிஞ்சும்) என்று அச்சிட்ட பொட்டணம் அதற்குச் சற்றே போதாது. படலத்தின் வழியே கசிவதும் சேரும் என்பதால் அடுத்த பெரிய அளவை எடுக்க வேண்டும். உறையைப் பிரித்ததும் பொட்டணம் வேலையைத் தொடங்கிவிடும். கையில் வெதுவெதுப்பாக உணர்ந்தால் அது தன் ஆயுளைச் செலவழிக்கிறது என்று பொருள். சாதாரண பாலித்தீன் பையில் இதைப் போடுவது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதற்கு ஒப்பானது.

ரொட்டி, கேக் போன்றவற்றில் பூசணத்தைத் தடுக்க இது மிகச் சிறந்தது, ஏனெனில் பூசணத்துக்கு ஆக்சிஜன் இன்றியமையாதது. அதே பொட்டணத்தை ஈரமான, அமிலமற்ற சமைத்த உணவில் போட்டுக் குளிர்பெட்டிக்கு வெளியே வைத்தால், நான் முன்பு சொன்ன பொட்டுலினத்துக்கு நாமே பாய் விரித்ததாகிவிடும். பிஎச் 4.6-க்குக் கீழே இறங்கிய புளிப்பு உணவில் அது முளைப்பதில்லை. அதன் ஒரு வகை 3 டிகிரிக்குச் சற்று மேலேயே மெல்ல வளரக்கூடியது; எனவே, குளிர்பெட்டியில்தானே இருக்கிறது என்ற ஆறுதலும் முழுமையானதன்று. எண்ணெயில் ஊறிய பச்சைப் பூண்டு, வெற்றிடத்தில் உறைந்த மீனைப் பை பிரிக்காமல் இளக வைப்பது, இவை இரண்டும் பலரும் அறியாமல் செய்யும் பிழைகள். உறைந்த மீனைக் குளிர்பெட்டியில் இளக வைக்கும்முன் பையின் ஓரத்தைக் கத்தரித்துவிடுங்கள்.

சீல்பட்டை:

உயர் அழுத்த முறையையும் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகச் சொன்னால், அது உங்கள் வீட்டுக்கு வரக்கூடிய இயந்திரமன்று. பொதிந்து ஒட்டிய பையையே நீர்த்தொட்டியில் இட்டு, வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 6000 மடங்கு அழுத்தத்தைச் சில நிமிடங்கள் கொடுக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் நீரே ஏழில் ஒரு பங்கு சுருங்குகிறது என்பதால் பை வளைந்துகொடுக்க வேண்டும். கண்ணாடிப் புட்டி தாங்காது. சூடேற்றாமலே பாக்டீரியா மடிவதால் பழச்சாற்றின் சுவை மாறுவதில்லை. 1899-இலேயே அமெரிக்காவின் பெர்ட் ஹைட் பாலில் இதைச் சோதித்திருந்தும், விற்பனைக்கு வர 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வித்துகள் இதில் சாவதில்லை. ஆகவே குளிர் இங்கும் தேவை.

புதுக்கூடை:

பத்து நாள்களுக்குப் பிறகு திரும்பி வந்திருக்கிறேன். நீங்கள் சொன்னபடி காளானைக் கால் கிலோ வீதம் மூன்று விதமாக வைத்துப் பார்த்தேன். ஒன்று, அடியில் உறிஞ்சுதாள் விரித்த தட்டில், ஊசியால் எட்டுத் துளையிட்ட மெல்லிய உறையோடு. இரண்டாவது, அதே தட்டில் துளையில்லாத உறையோடு. மூன்றாவது, வெறும் தாள்பையில். ஆறாம் நாள், துளையிட்டது தொப்பி வெளுப்பாக, தண்டு உறுதியாக இருந்தது. துளையில்லாதது வழுவழுப்பாகிவிட்டது. தாள்பையில் இருந்தது கெடவில்லை என்றாலும் சுருங்கி, எடை 180 கிராமாகக் குறைந்துவிட்டது. ஒரே ஒரு குறை: துளையிட்ட உறையின் உட்புறத்திலும் நீர்த்துளிகள் கோத்து நிற்கின்றன. துளைகளைக் கூட்டலாமா?

குளிரறைவாசி:

துளைகளைக் கூட்டினால் தாள்பையின் நிலைக்கு வந்துவிடுவீர்கள். காளானை அறைச் சூட்டிலேயே பொதிந்து, பிறகு குளிர்பெட்டியில் வைக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். சூடான காளான் விடும் நீராவி, முதலில் குளிரும் உறையில் பட்டு வியர்க்கிறது. உறையிடாத தட்டை ஒரு மணி நேரம் உள்ளே வைத்துக் குளிரவிட்டு, பிறகு விரைவாக உறையிடுங்கள். பக்கத்தில் ஆப்பிள் எதுவும் இருந்தால் அதை அப்புறப்படுத்துங்கள். அது விடும் எத்திலீன் வாயு காளானைவிடப் புரோக்கோலியைத்தான் அதிகம் பாதிக்கும், பச்சை மொட்டுகள் மஞ்சளாகிவிடும். உங்கள் குளிர்பெட்டி உண்மையில் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று அளந்தீர்களா?

புதுக்கூடை:

நேற்று வெப்பமானி ஒன்றை வாங்கி, ஒவ்வொரு தட்டிலும் ஓர் இரவு வைத்துப் பார்த்தேன். முகப்பில் 4 என்று எழுதிக் காட்டுகிற பெட்டி, கீழ்த்தட்டின் பின்புறத்தில் 3, நடுத்தட்டில் 5, நான் காளானை வைத்திருந்த கதவுத்தட்டில் 9. தட்டுகளை இன்றே உள்ளே நகர்த்திவிட்டேன். கதவுத்தட்டில் இப்போது ஊறுகாய்ப் புட்டிகள் மட்டும் நிற்கின்றன.